ஆங்கில ஸ்லோ காதல் பாட்டுகள்: கேள்வி பதில்

கீபோர்டு கற்கும் மாணவர்: பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகளில் அதே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) சுற்றிச் சுற்றி வருகிறதே சார், என் பிரமையா?

பிரமை இல்லை தம்பி. சி, ஏ மைனர், எஃப், ஜி. 1954இல் பெங்குவின்ஸ் குழு பாடிய 'எர்த் ஏஞ்சல்' இந்த வகைதான். ஸ்கேல், அதாவது சுருதி மட்டும் வேறு. ஜியில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், காது சியைத் தேடும். ஏக்கம் அந்தத் தேடலில்தான். அவசரமாக வாசித்தால் வராது.

மேடைப் பாடகி: விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடினால் கடைசியில் குரல் எட்டமாட்டேன் என்கிறது.

எட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டின் தொடக்கத்தில் இருக்கும். டாலி பார்ட்டன் எழுதி 1974இல் வெளியிட்டது அடக்கமான பாட்டு. 1992இல் விட்னி அதைத் துணைக்கு ஒரு வாத்தியம்கூட இல்லாமல், கிட்டத்தட்டப் பேசுவதுபோல ஆரம்பிக்கிறார். வாத்தியங்கள் பிறகுதான் மெல்லச் சேர்கின்றன. சாக்ஸபோன் முடிந்து, பின்னால் எல்லாம் அடங்கி, டிரம்மில் ஒரே ஒரு அடி. அந்த அடியோடு பாட்டு ஏ மேஜர் ஸ்கேலிலிருந்து மேலே பி மேஜருக்குத் தாவுகிறது. முதல் வரியிலேயே குரலைக் கொட்டிவிட்டால் அந்த இடத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? கீபோர்டுக்காரரிடம் ஜியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தாவல் ஏயில் முடியும். ஸ்கேலை இறக்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொருவர்: டைட்டானிக் பாட்டிலும் இதே தாவல்தானா?

அது இன்னும் பெரிது. ஈ மேஜரிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு, கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் நாலு கட்டை மேலே. செலின் டியோனுக்குச் சரி, நமக்கு யோசித்துத்தான்.

தபலா வாசிப்பவர்: சில பாட்டுகளில் மூணு மூணாக எண்ண வருகிறதே?

சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ரைட்டியஸ் பிரதர்ஸின் 'அன்செயின்ட் மெலடி' (1965) போட்டுப் பாருங்கள். நாலு அடி, ஒவ்வொன்றிலும் மூன்று. நம் திஸ்ர நடைதான். அடி மெதுவாக நகர்ந்தாலும் உள்ளே அந்த மூன்றும் ஓடிக்கொண்டே இருப்பதால் பாட்டு தேங்காது.

அதே நபர்: தமிழ்ப் பாட்டில் ஏன் இப்படி ஸ்கேல் ஏற்றுவது குறைவு?

சரணம் முடிந்து பல்லவிக்கு வந்தாக வேண்டுமே! ஏறிப் போனால் பல்லவியையும் அங்கேயே பாட வேண்டும், இல்லையென்றால் இறங்கி வர வழி கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நம் இசையமைப்பாளர்கள் ஸ்கேல் மாறி ஊர் சுற்றுவதை இன்டர்லூடில் (இடையிசையில்) வைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.