டிரெடில் மெஷின் வாங்கி வாழ்த்து அட்டை அடித்தால் கட்டுப்படியாகுமா?

காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கி வாழ்த்து அட்டைத் தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம். ஆனால் விலையில் சிவகாசி ஆஃப்செட்டோடு மோத வேண்டாம், தாங்காது. உங்களிடம் வருகிறவர், எழுத்து தாளில் அழுந்தி விரலில் தட்டுப்படும் அந்தப் பள்ளத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து அச்சகங்களில் தாளின் பின்பக்கம் அழுத்தம் தெரிந்தால் திட்டு விழும்! பள்ளம் நன்றாக விழ 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடைக் கணக்கு) மேல் பருத்திக் காகிதம் வேண்டும். பளபளக்கும் ஆர்ட் கார்டு சரிவராது. ஈய எழுத்தை ஆழமாக அழுத்தினால் தேய்ந்துபோகும். அதற்குப் பதில் பாலிமர் பிளேட், அதாவது எழுத்தும் படமும் புடைத்து நிற்கும் பிளாஸ்டிக் அச்சுத் தகடு, எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது விலை சொல்வதில்தான். பிளேட்டைப் பொருத்தி, மையைச் சரிசெய்து, அடியில் தாள் கொடுத்து அழுத்தத்தைச் சமன்படுத்தவே நேரம் ஓடிவிடும். 50 அட்டைக்கும் 500 அட்டைக்கும் அந்த வேலை ஒன்றுதான். இரண்டாவது நிறம் என்றால் மறுபடி முதலிலிருந்து. அதனால் தயாரிப்புக்குத் தனிக் கட்டணம், அப்புறம் அட்டைக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சரி, மெஷினைப் பார்க்கப் போகும்போது மை பூசும் உருளைகளை முதலில் தடவிப் பாருங்கள். உருகியோ வெடித்தோ இருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.