மில்லி செகண்டில் மனசு தெரியுமா?

கேள்வி: லாஸ்பேட்டையில் மாடி போர்ஷனை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாள். கறுப்பு முகம், வெள்ளை முகம், நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை என்று மாறி மாறி வந்தது. கடைசியில் எனக்கு வெள்ளையர் பக்கம் சாய்வு அதிகமாம்! காலாப்பட்டில் படிக்கும் ஆப்பிரிக்கப் பையன் வீடு கேட்டு வந்தால் விரட்டிவிடுவேன் என்று அர்த்தமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: அந்த மார்க்கை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது சார். அமெரிக்க உளவியலாளர் கிரீன்வால்டும் கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ‘மறைமுகத் தொடர்புத் தேர்வு’ (Implicit Association Test) அது. செகந்திராபாத்தில் பிறந்த உளவியலாளர் மஹ்சரின் பனாஜிக்கும் அதை வளர்த்ததில் பெரிய பங்கு உண்டு. கறுப்பு முகத்துக்கும் நல்ல வார்த்தைக்கும் ஒரே பட்டன் என்றால் எவ்வளவு தடுமாறுகிறீர்கள், வெள்ளை முகத்தோடு சேர்த்தால் எவ்வளவு வேகம், மில்லி செகண்டில் அந்த வித்தியாசம்தான் மார்க். அடுத்த மாதம் திரும்ப எடுத்தால் வேறு மாதிரி வரலாம்.

அது நடத்தையைக் காட்டுமா என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே அடிதடி. 2009இல் கிரீன்வால்ட் குழு பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது கறுப்பர், வெள்ளையர் தேர்வுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.24 என்று வந்தது, 2013இல் ஆஸ்வால்ட் குழு தன் கணக்கில் 0.15தான் என்றது. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் சம்பந்தமே கிடையாது. 0.15ஐ அதாலேயே பெருக்கினால் சுமார் 2 சதவீதம். ஆளுக்கு ஆள் நடத்தை மாறுவதில் இந்த மார்க்கோடு ஒட்டி வருவது அவ்வளவுதான். தனி ஆளுக்கு இதை வைத்து முத்திரை குத்தக்கூடாது என்று 2015இல் உருவாக்கியவர்களே எழுதிவிட்டார்கள் (மகள் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்). லட்சக்கணக்கான பேர் என்று வரும்போது சின்னச் சாய்வும் பெரிதாகும் என்கிறார்கள், நியாயமான வாதம்தான், ஆனால் அது ஊரைப் பற்றிய பேச்சு, உங்கள் ஒருவரைப் பற்றியது இல்லை.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பாகுபாட்டைக் கண்டுபிடிக்க மனசைத் தோண்டவே வேண்டாம், செய்கையைப் பார்த்தால் போதும். பொருளாதார ஆய்வாளர்கள் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்கு ஒரே தரத்தில் வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் கறுப்பர் பெயர், வெள்ளையர் பெயர் என்று மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது என்று 2004இல் எழுதினார்கள்.

நீங்களும் அப்படியே பாருங்கள். வீடு கேட்டு வந்தவர்களில் யாரிடம் ‘காலி இல்லை’ என்றீர்கள், யாரிடம் அட்வான்ஸ் கூட்டிக் கேட்டீர்கள்? ‘ஃபாரினர்னா ஆன்லைன்ல பதியணும், தொல்லை’ என்று யாரையாவது தட்டிக் கழித்திருந்தால், பிரெஞ்சுக்காரர் வந்தபோதும் அதையேதான் சொன்னீர்களா?