கோரை முதல் காந்தள் வரை: களைக் கேள்விகள்

கோரையைப் பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறதே?

உங்கள் கைக்கு வருவது தழை; கிழங்கு உள்ளேயே நிற்கிறது. மண்ணுக்குள் அவை சரம்சரமாகக் கோத்துக் கிடக்கும். சரம் அறாதவரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும். ஈரத்தில் ரொட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) ஓட்டினால் சரம் துண்டாகி, உறங்கியதெல்லாம் தனித்தனியே தலைகாட்டும். நானும் ஒரு மழைக்காலத்தில் அப்படி ஓட்டி, ஒரு மூலையில் இருந்த கோரையைக் காடு முழுக்கப் பரப்பியவன்தான்.

பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில், ஏறக்குறைய 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும். நல்ல கோடையில் ஆழ உழுது, கட்டிகளைப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். சில வாரம் கழித்து மறு உழவு. ஈரம் வற்றிய கிழங்கு பிழைக்காது. மழை விழுந்ததும் சணப்போ தட்டைப்பயறோ நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. ஒரே கோடையில் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பார்த்தீனியம் பூத்துவிட்டது. இனிப் பிடுங்கலாமா?

பிடுங்குங்கள், ஆனால் வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் உதிர்க்கக்கூடும். பூத்ததைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எருக்குழிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அடுத்த முறை மழைக்குப் பின், பூக்கும் முன், வேரோடு எடுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அரிப்பும் மூச்சிழுப்பும் வந்தால் லேசில் போகாது.

வேலியோரத் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

சொல்பவர் கையில் அரிவாளைக் கொடுத்துவிடாதீர்கள்! பயிர் பூக்காத நாட்களில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்த ஓரம்தான் பந்தி. விதை உதிர்ந்த பிறகு, ஒரு பாதியை உடனேயும் மறுபாதியைச் சில வாரம் கழித்தும், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். அறுத்த தழையை வாரிவிடுங்கள். அங்கேயே மக்கினால் மண் கொழுத்து, புல் எழுந்து பூச்செடியை அமுக்கிவிடும். உரமும் வேண்டாம். கொஞ்சம் வெறுந்தரையும் விட்டுவையுங்கள். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி வாழ்பவை.

தொழுவுரம் போட்டபின் களை கூடிவிட்டது.

மக்காத எரு. குவியலின் உட்பகுதி 55–60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நாள் இருந்தால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். ஓரத்து எரு சூடேறாது; அதையும் நடுவே புரட்டிப் போடுங்கள். இப்போதைக்கு, விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் பாய்ச்சி, முளைத்த களையை மேலாகச் சுரண்டிவிடுங்கள். ஆழக் கிளறினால் அடியிலிருக்கும் விதைகள் மேலே வந்துவிடும்.

செங்காந்தள் கொடி காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

இல்லை, உறங்குகிறது. கலப்பை போல் வளைந்த கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, மழைக்குத் துளிர்க்கும். அதுவரை மண்வெட்டி படாதிருக்க அருகில் ஒரு கல் நட்டு வையுங்கள். கிழங்கு முதல் விதை வரை எல்லாமே நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் இடமானால், கையுறை போட்டு இப்போதே தோண்டித் தூர வேலிக்கு மாற்றிவிடுங்கள்.