அலாய் வீல் வாங்கும்போது ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் மையப் பகுதியில்) சரியாகப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? கடைக்காரர் ‘நாலு ஓட்டை, நூறு பி.சி.டி., எல்லாம் ஏறும்’ என்கிறார்

ஏறும். அதில் அவர் பொய் சொல்லவில்லை. என் ஸ்விஃப்டிலும் ஏறியது. ஏறிய பிறகு இரண்டு மாதம் நான் பட்ட பாடு வேறு கதை.

என்னுடையது 2018 ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. கம்பெனியிலிருந்து வந்தபோது 14 அங்குல இரும்பு ரிம், 165/80 டயர். அதே காரின் உயர்ந்த மாடலில் 15 அங்குல ரிம், 185/65 டயர். இரண்டு டயரின் மொத்த உயரமும் 620 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாது. இதையெல்லாம் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு கெட்டிக்காரனாகத்தான் கடைக்குப் போனேன். பி.சி.டி. கேட்டேன், அதாவது நட்டு ஓட்டைகளின் நடுவழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்; 4×100, நான்கு ஓட்டை, 100 மி.மீ. டிசைன் பிடித்திருந்தது. ரிம்மின் நடு ஓட்டை எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

ஊருக்குள் வெண்ணெய் மாதிரி ஓடியது. செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் ரோட்டில் 85ஐத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். 100ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும், மறுபடி 90க்கு வந்தால் ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக அலை. மூன்று முறை வீல் பேலன்சிங் செய்தேன், வெவ்வேறு இடத்தில். மூன்று முறையும் மெஷின் ஜீரோ காட்டியது, மூன்று முறையும் நடுக்கம் அப்படியே இருந்தது. அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. டை ராட் எண்ட் மாற்றச் சொன்னார் ஒருவர், நல்லவேளை மாற்றவில்லை.

கடைசியில் வீட்டுப் பக்கத்து டயர் கடை அண்ணன்தான் கண்டுபிடித்தார். நடு மூடியைக் கழற்றிவிட்டு, என் பாக்கெட்டிலிருந்த பேனாவை வாங்கி ரீஃபிலை உருவினார். ரிம் ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவில் அதை விட்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். எங்கும் முட்டவில்லை.

“சார், மெஷின்ல ஜீரோதான் காட்டும். மெஷின் நடு ஓட்டையைப் பிடிச்சுச் சுத்துது. உங்க வண்டி எதைப் பிடிச்சுச் சுத்துது?”

விஷயம் அவ்வளவுதான். ஹப்பின் நடுவே சின்னதாகத் துருத்திக்கொண்டு ஒரு வட்ட விளிம்பு இருக்கும். கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை அதன் மேல் கச்சிதமாக உட்காரும்படி கடைந்திருப்பார்கள். ஸ்விஃப்டில் அந்த அளவு 54.1 மி.மீ. வெளி மார்க்கெட் ரிம் செய்கிறவர்கள் ஒரே வார்ப்பைப் பல கார்களுக்கும் விற்க வேண்டும். அதனால் நடு ஓட்டையைப் பெரிதாகவே வைத்துவிடுவார்கள், 67.1, 73.1 என்றெல்லாம் வரும். என்னுடையது 67.1. அதாவது சுற்றிலும் 6.5 மி.மீ. வெற்றிடம். வீலை நடுவில் நிறுத்தும் வேலை முழுக்க நான்கு நட்டுகளின் தலையில் விழுகிறது. நட்டின் கூம்பு முனை அதை ஓரளவு செய்யும். ஆனால் ஒரு நட்டைக் காற்று கன்னில் முதலிலேயே இறுக்கிவிட்டால், வீல் அந்தப் பக்கம் அரை மி.மீ. ஒதுங்கி அப்படியே கடித்துக்கொள்ளும்.

அரை மி.மீ. என்ன செய்துவிடும் என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம்மும் டயரும் சேர்ந்து 16 கிலோ என்று வையுங்கள். அது அரை மி.மீ. விலகிச் சுற்றுவது, 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 40 கிராமுக்கு மேல் ஈயக்கட்டியை ஒட்டிவிட்டு ஓட்டுவதற்குச் சமம். பேலன்சிங்கில் நாம் 5 கிராமுக்கு அடித்துக்கொள்கிறோம். 90 கி.மீ. வேகத்தில் இந்த டயர் நொடிக்குப் பதின்மூன்று சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. ஸ்டியரிங் ஆடாமல் என்ன செய்யும்?

தீர்வு ஒரு வளையம். ஹப் ரிங் என்று கேளுங்கள். வெளி விட்டம் ரிம்முக்கு, உள் விட்டம் ஹப்புக்கு. என் அளவு கடையில் பிளாஸ்டிக்கில்தான் கிடைத்தது. அண்ணன் அதைத் தொடவிடவில்லை, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். பட்டறைக்காரர் ரிம்மில் வெர்னியர் வைத்துப் பார்த்தார், ஹப்பில் பார்த்தார், மறுபடி ரிம்மில் வேறு திசையில் பார்த்தார். நான் சொன்ன எண்ணை அவர் காதிலேயே வாங்கவில்லை. அலுமினிய உருளையிலிருந்து நான்கு வளையம் கடைந்து, கையால் அழுத்தினால் ‘டப்’பென்று உட்காருகிற மாதிரி கொடுத்தார். சுத்தியல் தேவைப்பட்டால் வளையம் பெரிது, தானாக விழுந்தால் சிறிது என்றார். அன்று சாயங்காலமே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பாட்டில் தண்ணீர் அசையவில்லை.

பிளாஸ்டிக் கூடாதா என்றால், பலரும் போட்டு நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். வண்டியின் எடை வளையத்தின் மேல் இல்லை; நட்டு இறுக்கும் இறுக்கத்தில் ரிம்மின் முகமும் ஹப்பின் முகமும் ஒட்டிப் பிடித்துத்தான் எடையைத் தாங்குகின்றன. வளையம் நடுவில் நிறுத்துவதோடு சரி. ஆனால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த பிறகு ஹப் பக்கம் கை வைத்துப் பார்த்தவன் நான். அந்தச் சூட்டில் மலிவான பிளாஸ்டிக்கை நம்ப மனம் வரவில்லை. அலுமினியத்துக்கும் ஒரு குறை உண்டு: இரும்பு ஹப்போடு துரு ஏறி ஒட்டிக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் ஹப்பைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, விளிம்பில் மட்டும் துளி கிரீஸ் தடவுங்கள். ரிம்மும் ஹப்பும் ஒட்டும் முகத்தில் படக்கூடாது, நட்டு ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டிலும் படக்கூடாது.

இதுவரை சொன்னது ஓட்டை பெரிதாக இருந்தால். சிறிதாக இருந்தால் வளையமெல்லாம் கிடையாது, வாங்கவே வேண்டாம். ஹோண்டா சிட்டியும் 4×100தான், ஆனால் அதன் ஹப் 56.1. ஸ்விஃப்டின் கம்பெனி அலாய் அதில் உட்காராது. மாற்றிப் போட்டால், சிட்டியின் ரிம் ஸ்விஃப்டில் ஒழுங்காக ஏறும். சுற்றிலும் ஒரே ஒரு மி.மீ. இடைவெளி, யார் கண்ணிலும் படாது. பழைய ரிம் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். போலோவுக்கு 5×100, ஹப் 57.1. முந்தைய தலைமுறை டொயோட்டா பிரியஸும் 5×100தான், ஆனால் 54.1; அங்கேயும் இதே கதைதான். ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கும், கடைசல் நடுவில்தான் விழுந்ததா என்பதை வாங்குகிறவர் சோதிக்க வழியில்லை. நான் செய்ய மாட்டேன்.

பி.சி.டி.யையும் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். நான்கு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 100 வரும். ஐந்து ஓட்டை என்றால் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் தூரத்தை 1.7ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரம் 67 மி.மீ. என்றால் பி.சி.டி. 114.3. (இந்தக் கோணல் எண் எங்கிருந்து என்று யோசித்திருப்பீர்கள்: நாலரை அங்குலம், வேறொன்றுமில்லை.) பழைய ஃபியட் பாலியோவின் 4×98 ரிம்மை 100ல் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நட்டு ஏறும். ஸ்டட் கோணலாகும், அப்புறம் என்றைக்கோ ஒருநாள் ஒடியும்.

அடுத்து நட்டு. மாருதி ஸ்டட் 12 மி.மீ., 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மி.மீ.யில்). ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் அதே 12 மி.மீ.தான், ஆனால் பிட்ச் பெரும்பாலும் 1.5. கன்னில் மாற்றிச் செலுத்தினால் மரை போச்சு. எந்த நட்டையும் முதலில் கையாலேயே முழுக்கச் சுற்றிப் பாருங்கள், 1.25 பிட்சில் ஒன்பது பத்துச் சுற்றாவது போக வேண்டும். நட்டின் முனையும் ரிம்மின் குழியும் ஒரே வடிவமா என்பதையும் பாருங்கள். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முனை, வெளி ரிம்கள் பெரும்பாலும் கூம்புக் குழி. பழைய நட்டையே போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

ஆஃப்செட் பற்றிச் சுருக்கமாக: ரிம்மின் உள்பக்கம் இ.டி. என்று ஒரு எண் இருக்கும்; ஹப்பில் ஒட்டும் முகம் ரிம் அகலத்தின் நடுவிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ஆறு அங்குல அகலம், இ.டி. 45 இருந்த இடத்தில் ஏழு அங்குலம், இ.டி. 35 போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும். பார்க்க கம்பீரம், பேரிங்குக்குச் சுமை, மழையில் கதவெல்லாம் சேறு. நாலு பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் ஃபெண்டரில் உரசவும் செய்யும். அதே உள்பக்கத்தில் அதிகபட்ச எடை கிலோவில் பொறித்திருக்கும், ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. போன்ற ஜப்பானியத் தர முத்திரைகளும் இருக்கலாம். எடையே பொறிக்காத ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

கடையில் டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மை உங்கள் ஹப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஏறிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். மாட்டும்போது ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே நான்கு நட்டையும் கையால் குறுக்குக் குறுக்காக இறுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்ச்சில் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று, புது ரிம்முக்கு வேறு நட்டு வாங்கினால் பழைய நட்டு நான்கையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். ஸ்டெப்னி இன்னும் இரும்பு ரிம்தானே. ராத்திரி ரோட்டோரம் பங்க்சராகி நிற்கும்போது, அலாய் நட்டு அதில் உட்காரவில்லை என்று தெரிந்தால் அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.