தே தாரேக்கை எப்படி விடுறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில வேலை செய்றேன், வயசு 38. காலைல பசியாறும்போது ஒரு தே தாரேக் (டின் பால் கலந்து ஆத்துன டீ), பத்து மணி பிரேக்ல ஒண்ணு, வேலை முடிஞ்சு கூட்டாளிங்களோட மாமாக் கடைல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒண்ணு ரெண்டு. போன மாசம் கிளினிக்ல, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வர்ற எல்லைல நிக்கிறீங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு தடவ அடியோட நிறுத்திப் பாத்தேன், நாலாவது நாள் திரும்ப அதே கடை, அதே மேசை.
– பெயர் வேணாம், பினாங்கு

பதில்: தம்பி, அடியோட நிறுத்தினதுதான் சரியா வரலன்னு நினைக்கிறேன். நாள் பூரா மெஷின் முன்னாடி நின்னுட்டு வந்து கூட்டாளிங்களோட உக்கார்ற அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு வேணும், சீனிக்கு வந்த கோவத்துல அதையும் சேத்து வெட்டி விட்டுட்டீங்க, அப்புறம் எப்படி நாலு நாளைக்கு மேல தாங்கும்? கடைக்குப் போங்க. அதே மேசைல உக்காருங்க. ஆர்டரை மட்டும் மாத்துங்க.

அடுத்த தடவ தே கலக்குறவர் கையைக் கொஞ்சம் பாருங்க, டின் பால் கரண்டில இருந்து கெட்டியா இறங்கி கிளாஸ் அடில வெள்ளையா தேங்கி நிக்கும். அதுல கிட்டத்தட்ட பாதி சீனிதான், ஒரு மேசைக்கரண்டிக்கே 9, 10 கிராம் வந்துடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது, நீங்க குடிக்கிறது மூணு நாலு கிளாஸ்!

முதல் ரெண்டு வாரம் கூராங் மானிஸ்னு, அதாவது இனிப்பு கம்மியான்னு, சொல்லுங்க. அப்புறம் தே சி கோசோங், அதுல சீனி சேக்காத தண்ணியான டின் பால்தான் ஊத்துவாங்க, பால் ருசி போகாது. ஆரம்பத்துல சப்புன்னுதான் இருக்கும், நாக்கு மெதுவா பழகிக்கும்.

லண்டன்ல 96 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2010ல வெளியிட்டாங்க, புதுப் பழக்கம் ஒண்ணு தானா வர ஆரம்பிக்க சராசரியா 66 நாள் ஆச்சாம், ஆளுக்கு ஆள் 18 நாள்லருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெருசா ஒண்ணும் கெடலன்னும் பாத்திருக்காங்க. அதனால கல்யாண வீட்ல ஒரு தே தாரேக் குடிச்சிட்டா எல்லாம் போச்சுன்னு விட்டுடாதீங்க, மறுநாள் கோசோங்தான்.

எங்கப்பாவுக்கு இனிப்பு நீர்ல கால் விரல் ரெண்டு எடுத்தாங்க, கட்டு மாத்தும்போது பக்கத்துல நின்னிருக்கேன். நீங்க இன்னும் எல்லைலதான் இருக்கீங்க, திரும்பி வரலாம் தம்பி. அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: ராத்திரி ஃபோன் பாத்துப் பாத்தே மணி ஒண்ணாயிடுது. அலாரமும் அதுலதான் இருக்கு, தள்ளி வைக்க முடியல.
– வாசகி, செந்தூல்

பதில்: தனியா ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிடுங்கம்மா. ஃபோனுக்கு சமையலறைல சார்ஜ் போட்டுட்டு, தலைமாட்டுல படிக்க ஏதாவது ஒண்ணு வெச்சுக்கங்க, கை சும்மா இருக்காது பாருங்க.