லினக்ஸில் பேரலல் போர்ட் கார்டு: கேட்டதும் சொன்னதும்

மதுரைப் பக்கம் பல கடைகளில் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் பழைய 25 பின் கேபிளில், அதாவது பேரலல் போர்ட்டில்தான் ஓடுகிறது. புது மதர்போர்டில் பெரும்பாலும் அந்த வாய் இருப்பதில்லை. அந்த வாயைத் தரும் கார்டு வாங்கிச் செருகிவிட்டு விழிப்பவர்கள் கேட்டவை இவை.

கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர்: அண்ணே, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டு உபுண்டு லினக்ஸ் ஏற்றினேன். பிரிண்டர் அசையவே இல்லை. கார்டு போச்சா?

அதற்குள் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) அடியுங்கள், செருகிய கார்டுகளின் பட்டியல் வரும். பட்டியலில் கார்டு இல்லையென்றால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றித் துடைத்து வேறு ஸ்லாட்டில் செருகுங்கள். பட்டியலில் இருந்தால் டிஎம்இஎஸ்ஜி (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளில் 'பார்போர்ட்0' (parport0) என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லையா? பார்போர்ட்_பிசி (parport_pc) என்ற டிரைவர் மாட்யூலை ஏற்றுங்கள். கார்டில் சீரியல் வாயும் சேர்ந்திருந்தால் பார்போர்ட்_சீரியல் (parport_serial) வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம் பிரிண்டருக்கான எல்பி (lp) மாட்யூல். டெவ் (/dev) அடைவில் எல்பி0 (lp0) வந்துவிட்டால், ரூட்டாக, அதாவது நிர்வாகியாக நுழைந்து ஒரு வரியை அதற்கு அனுப்புங்கள். காகிதத்தில் எழுத்து விழுந்தால் கார்டும் கேபிளும் நலம். மிச்சம் கப்ஸ் (CUPS) என்ற லினக்ஸ் அச்சு மென்பொருளின் அமைப்பில்தான்.

திருமங்கலம் எடைமேடைக்காரர்: ரூட்டாக அடித்தால் சீட்டு வருகிறது. என் பெயரில் நுழைந்தால் 'அனுமதி இல்லை' என்கிறதே?

உங்கள் பயனர் பெயரை எல்பி (lp) குழுவில் சேர்த்துவிடுங்கள். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் பலிக்கும்.

கப்பலூர் பட்டறைக்காரர்: மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி (LinuxCNC) மென்பொருளில் போர்ட் முகவரி 378 கொடுத்தேன். ஸ்டெப்பர் மோட்டார் நகரவில்லை.

இதில் நானே ஒரு முறை பாதி ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். 378, 278 எல்லாம் மதர்போர்டிலேயே போர்ட் இருந்த காலத்து முகவரிகள். செருகும் கார்டுக்கு முகவரியை கம்ப்யூட்டர்தான் ஒதுக்குகிறது. அது டி010 மாதிரி ஏதாவது ஒரு பதினறும எண்ணாக இருக்கும். எல்எஸ்பிசிஐயோடு -வி (-v) சேர்த்து அடித்தால் 'ஐஓ போர்ட்ஸ் அட்' (I/O ports at) என்று வரும் வரிகளில் பார்க்கலாம். பெரும்பாலும் முதல் எண் போர்ட்டுடையது, அடுத்தது ஈசிபி (ECP) என்ற வேகமான முறைக்கான பதிவேடுகளுடையது. லினக்ஸ்சிஎன்சி அமைப்புக் கோப்பின் ஹால்_பார்போர்ட் (hal_parport) வரியில் முதல் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பின்னால் ஸ்லாட் மாற்றினாலோ இன்னொரு கார்டு செருகினாலோ இந்த எண் மாறலாம். மெஷின் திடீரென்று படுத்தால் முதலில் இதைப் பாருங்கள். அப்படியும் நகரவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். சில கார்டுகள் 3.3 வோல்ட்தான் தரும். 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் பிரேக்அவுட் போர்டு (போர்ட்டுக்கும் மோட்டார் டிரைவருக்கும் இடையிலுள்ள இணைப்புப் பலகை) அதை மதிக்காது.

அதே பட்டறையிலிருந்து: அப்படியானால் யுஎஸ்பி-பேரலல் கேபிள் போதுமா?

பிரிண்டருக்குப் போதும். மோட்டாருக்கு உதவாது. அந்தக் கேபிள் தன்னைப் பிரிண்டராகத்தான் காட்டிக்கொள்ளும். பின்களைத் தனித்தனியாக ஆட்ட விடாது.

மேலூர் அரிசி மண்டிக்காரர்: அச்சு வருகிறது அண்ணே, ஆனால் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கமாக இறங்கிக்கொண்டே போகின்றன.

லினக்ஸ் கோப்பில் வரி முடிவுக்கு 'கீழே இறங்கு' மட்டும்தான் இருக்கும். 'இடது ஓரத்துக்குத் திரும்பு' கிடையாது. பிரிண்டர் சொன்னதைத்தான் செய்கிறது. கோப்பை யூனிக்ஸ்2டாஸ் (unix2dos) கட்டளை வழியாக மாற்றி அனுப்புங்கள், நேராகிவிடும்.