ஐந்து நாளில் ‘க்ளினிக்கல்’ ஆர்டிஸ்ட் ஆக முடியுமா?

கேள்வி: அக்கா, ஈரோட்டில் ஆறு வருஷமாக பார்லர் வைத்திருக்கிறேன். த்ரெட்டிங், கல்யாண மேக்கப் எல்லாம் நன்றாக வரும். பெர்மனென்ட் மேக்கப், அதாவது ஊசியால் தோலுக்குள் நிறம் ஏற்றுவது, கற்றுக்கொள்ளலாம் என்று விசாரித்தேன். சாதாரண கோர்ஸ் 45,000 ரூபாய், ‘க்ளினிக்கல்’ கோர்ஸ் என்றால் 85,000 ரூபாய், இரண்டுமே ஐந்து நாள். க்ளினிக்கல் முடித்தால் ஸ்கின் க்ளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை உறுதி, அரசு அங்கீகாரம் உண்டு, ஐஎஸ்ஓ சான்றிதழ் உண்டு என்கிறார்கள். பத்தாயிரம் முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு ஈஎம்ஐ போட்டுத் தருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்ந்தால் மெஷின் இலவசம். சேரட்டுமா?

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மெஷின் இலவசமாகத்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடியாவது ஆடியோடு முடியும், இது வருஷம் முழுக்க ஓடும்.

இரண்டு கோர்ஸுக்கும் நடுவில் இருக்கிற 40,000 ரூபாய் எதற்கு என்று கேட்டீர்களா? நாள் கணக்கு ஒன்றுதான், அப்படியென்றால் கூடுதலாக என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ‘க்ளினிக்கல்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பேனரில் போட்டுக்கொள்ளலாம். புருவத்துக்கும் உதட்டுக்கும் நிறம் ஏற்றுவது பார்லரிலேயே நடக்கிறது. க்ளினிக்கில் வருவது வேறு ரகம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவருக்கு முலைவட்டத்தை நிழலும் வெளிச்சமுமாக வரைந்து கொடுப்பது, வெண்புள்ளியை மறைப்பது, தீக்காயத் தழும்பு, கீமோவில் உதிர்ந்த புருவம், வழுக்கைத் தலையில் முடிக்கால் மாதிரி புள்ளி வைப்பது, இப்படி. இதில் எதுவுமே சாதாரணத் தோல் கிடையாது. தழும்புத் தோல் ஒரு இடத்தில் நிறத்தைக் குடிக்கும், பக்கத்திலேயே துப்பும். கதிர்வீச்சு பட்ட தோல் மெல்லிசாக இருக்கும், நீங்கள் வழக்கமாகக் கொடுக்கிற அழுத்தத்தைத் தாங்காது.

வெண்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பரவாமல் பொதுவாக ஒரு வருஷமாவது நின்றிருக்க வேண்டும் என்று தோல் டாக்டர்கள் பார்ப்பார்கள். காரணம், பரவிக்கொண்டிருக்கிற நிலையில் ஊசி குத்தினால் குத்தின இடத்திலேயே புதுப் புள்ளி வரலாம். அது நின்றுவிட்டதா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்களும் சொல்லக்கூடாது, உங்கள் டிரெய்னரும் சொல்லக்கூடாது. சரி, நின்றுவிட்டது, நிறமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்றே வையுங்கள். சித்திரை வெயிலில் சுற்றிலும் இருக்கிற தோல் கறுக்கும், நீங்கள் ஏற்றின நிறம் அப்படியே நிற்கும். இதை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடுகிறவர்தான் க்ளினிக்கில் நிலைப்பார். அதோடு, தோல் நிற நிறமிகளில் இருக்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு, லேசரில் அழிக்கப் போனால் கறுத்துவிடலாம், அதனால் தப்பாகிப் போனால் திருத்துவது சுலபமில்லை.

அந்த இடத்துக்குப் போய் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். போன வருஷம் என் சித்தி மகளுக்குத் துணையாக ஒரு டெமோவுக்குப் போனேன். ஏசி, ரோஜா நிறச் சுவர், கண்ணாடியைச் சுற்றி பல்பு, எல்லாம் பிரமாதம். டிரெய்னர் கையுறையோடு புருவத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். போன் அடித்தது. அதே கையால் எடுத்துத் திரையைத் தள்ளிவிட்டு வைத்தார், அதே கையுறையோடு மறுபடியும் புருவத்துக்குப் போனார். முடிந்ததும் குட்டிக் கிண்ணத்தில் மீந்த நிறமியைத் திரும்ப பாட்டிலிலேயே ஊற்றினார். நாங்கள் காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தத்தில் பரவுகிறவை, இந்த வேலையில் ரத்தம் துளித்துளியாக எப்படியும் எட்டிப் பார்க்கும். ஊசியை ஒவ்வொருவருக்கும் கண் முன்னாடி புதுசாகப் பிரிக்கிறார்களா, பயன்படுத்தின ஊசி குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போகிறதா, இல்லை டீ கப்போடு சேர்ந்து குப்பைக்கூடைக்குப் போகிறதா என்று பாருங்கள். மருத்துவக் கழிவுக்கு 2016-லிருந்து தனி விதிகளே இருக்கின்றன, ‘க்ளினிக்கல்’ என்று பணம் வாங்குகிற இடத்தில் அந்த டப்பாகூட இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி மட்டும் விடாமல் கேளுங்கள். ‘நான் எத்தனை உயிருள்ள ஆளுக்குச் செய்வேன், பக்கத்தில் யார் நிற்பார்?’ பழகுவதற்குத் தருகிற ரப்பர் தோலில், அதாவது லேடெக்ஸ் ஷீட்டில் செய்வது கோலத்தை நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பழகுவது மாதிரி. தேவைதான், ஆனால் வாசல் வேறு. ஷீட் அசையாது, வியர்க்காது, எண்ணெய் வழியாது. நிஜத் தோலை இடது கைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிப்பதைக் கற்கவே நாளாகும். பிடி தளர்ந்தால் ஊசி ஆழமாக இறங்கும், நம் மாநிறத் தோலில் நீங்கள் ஏற்றின கறுப்பு கொஞ்ச மாதத்தில் நீலச் சாம்பலாகத் தெரியும். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்று இருக்கிற எஸ்பிசிபி சங்கம் அடிப்படைப் பயிற்சிக்கே 100 மணி நேரம் என்கிறது. உங்கள் ஐந்து நாளை எட்டு மணி நேரமாகப் போட்டாலும் 40 தான், அதில் சாப்பாடு, போட்டோ, சான்றிதழ் விழா எல்லாம் போக வேண்டும். தவிர, முதல் தடவை செய்தவர் ஆறேழு வாரம் கழித்து டச் அப்புக்கு வரும்போதுதான் நீங்கள் செய்த தப்பு உங்களுக்கே தெரியும். ஐந்து நாள் கோர்ஸில் அந்த ஆள் திரும்பி வரவே மாட்டார்.

ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று, பாடத்தை யாரும் பரீட்சித்துப் பார்த்ததாக அர்த்தமில்லை. அரசு அங்கீகாரம் என்று ‘எம்எஸ்எம்இ அங்கீகாரத்தை’க் காட்டினால், அது பெரும்பாலும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. அதை உங்கள் பார்லருக்கு நீங்களே ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். நிஜமாகவே அரசு அங்கீகாரம் என்றால் கோர்ஸ் குறியீட்டைக் கேளுங்கள், அரசு ஏற்ற கோர்ஸ்களின் பட்டியலான நேஷனல் குவாலிஃபிகேஷன் ரெஜிஸ்டர் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். குறியீட்டைக் கேட்டதும் பேச்சு மாறினால் அதுவே பதில். வேலை உறுதி என்பதற்கும் எந்த க்ளினிக், எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். அந்த க்ளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவானதா, தோல் டாக்டர் நிஜமாக உட்காருகிறாரா, இல்லை போர்டில் மட்டும் பெயரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஎம்ஐ விஷயத்தில் ஜாக்கிரதை. அது பெரும்பாலும் கோர்ஸ் நடத்துகிறவர் தருவதில்லை, ஒரு கடன் நிறுவனம் உங்கள் பெயரில் தருகிற கடன். வகுப்பு பிடிக்காமல் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. ஆன்லைனில் எடுக்கிற கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது கூலிங் ஆஃப் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம். அது தாண்டினால் செலவு கூடலாம்.

என்னைக் கேட்டால், பத்தாயிரம் போனாலும் பரவாயில்லை, இந்த கோர்ஸ் வேண்டாம். புருவம் மட்டும் சொல்லித் தருகிற, செய்து பழக நாலைந்து மாடலாவது (உயிருள்ள ஆள்) தருகிற ஒருவரிடம் முதலில் சேருங்கள். இன்றைக்கே போய் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் போடுங்கள். மூன்று டோஸ், இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். க்ளினிக்கல் கோர்ஸ் ஐந்து நாளில் முடிகிறது, தடுப்பூசி முடியவே ஆறு மாதம் ஆகிறது பாருங்கள்.

கேள்வி: மதுரையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களுக்கு ஊசி புதுசு இல்லை. நான் நேராக க்ளினிக்கல் பக்கம் போகலாமா மேடம்?

பதில்: சுத்தம், கழிவு, ஒப்புதல் படிவம், மயக்கம் வந்தால் என்ன செய்வது, இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த விஷயம். பார்லரிலிருந்து வருகிறவர் இதற்குத்தான் திணறுவார். ஆனால் உங்களுக்கு நிறம் தகராறு செய்யும். ஒரு முலைவட்டத்தில் ஒரே ஒரு பழுப்பு இல்லை, நாலு பழுப்பும் கொஞ்சம் ரோஜாவும் இருக்கும். வாட்டர் கலர் வாங்கி உங்கள் கை நிறத்தையே கலந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும். நர்ஸ் என்பதால் டாக்டர் முடிவெடுக்க வேண்டிய இடம் குறைந்துவிடாது. உதட்டில் அக்கி வந்த வரலாறு இருந்தால் முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா, ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் செய்யலாமா, கீலாய்டு (தடித்து வளர்கிற தழும்பு) வருகிற உடம்பா, இதெல்லாம் அவரிடம்தான் போக வேண்டும். மரத்துப்போகிற க்ரீமும் அப்படித்தான். ஆன்லைனில் வருகிற டியூபில் மரத்துப்போக வைக்கிற மருந்தான லிடோகெய்ன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். டாட்டூ போன்ற வேலைகளுக்கு விற்கிற, அளவுக்கு மீறி அந்த மருந்து கலந்த க்ரீம்களைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024-இல் எச்சரித்தது, இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரலாம் என்று.

கேள்வி: நான் ஏற்கெனவே 60,000 கட்டி ஏமாந்துவிட்டேன். ஐந்து மாடல் என்றார்கள், ஒருவரைக்கூடக் காட்டவில்லை. ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். சொன்ன சேவையைத் தராமல் பணத்தை மட்டும் வைத்துக்கொள்ள அந்த ஒரு வரி போதாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் குறைபாடான சேவைக்குப் பணம் திருப்ப மறுப்பது முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. கோச்சிங் நிலையங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஐந்து மாடல் என்று சொன்ன விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கூட படித்தவர்களில் இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கொடுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டின பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது பத்திரமாக இருக்கிறது அல்லவா? ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள், அந்தத் தெர்மல் பேப்பரில் எழுத்து நாளானால் மங்கிப் போகும்.